மதிலுக்கு உள்ளேயும் காது இருக்கிறது

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்குகிற யாரும் முதலில் சலித்துக்கொள்வது ஹாரன் சத்தத்தைப் பற்றித்தான். நியாயமான சலிப்பு. ஆனால் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு அது அரை மணி நேரத் தொல்லை. ரயில் நிலையத்தின் பின்பக்கம் பவர் ஹவுஸ் ரோட்டைப் பிடித்துச் சாலைக் கம்போளத்துக்குள் நுழைந்தால், நாள் முழுக்க இரைச்சலுக்குள் நின்று கூலி வாங்குகிறவர்களைப் பார்க்கலாம். மிளகாய், மல்லி அரைக்கும் மில்லில் மெஷின் ஓடும்போது பேச்சு கிடையாது, கைச்சாடைதான். இரும்புக் கிடங்கில் கம்பிக் கட்டை லாரியிலிருந்து சிமென்ட் தரையில் தள்ளினால், தகரக் கூரை அந்தச் சத்தத்தை வாங்கி மறுபடியும் சுமைத் தொழிலாளியின் தலையிலேயே கொட்டுகிறது.

இவர்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55. தொழிற்பகுதியில் 75, 70. இதெல்லாம் வெளியே இருப்பவருக்கான வரம்பு. தொழிற்சாலைக்கு உள்ளே நிற்பவருக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை இருக்கலாம் என்கின்றன தொழிற்சாலை விதிகள். டெசிபல், சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85. ஐரோப்பிய ஒன்றியத்தில் 85-ஐத் தாண்டினாலே இரைச்சலைக் குறைக்கும் திட்டத்தோடு முதலாளி வந்தாக வேண்டும். நமது 90 என்பது அந்த 85-ஐப் போல மூன்று மடங்கு ஆற்றல். அந்த வரம்புகூடப் பெரிய ஆலைகளுக்குத்தான். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-இன் புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்திவிட்டது. நாலு பேர் வேலை செய்யும் மாவு மில்லும் சரக்குக் கிடங்கும் எதிலும் அகப்படாது.

இரைச்சலால் வரும் காது கேளாமை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் இழப்பீடு கேட்க முதலில் நோய் தெரிய வேண்டுமே. பழுது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்குகிறது. அந்த நிலையில் சாதாரணப் பேச்சு பெரும்பாலும் கேட்டுவிடும். காதில் ஓர் இரைச்சல் மட்டும் ஓயாமல் இருக்கலாம். பேரப்பிள்ளை பேசுவது புரியவில்லை என்று டாக்டரிடம் போகும்போது உட்காதின் நுண்மயிர் அணுக்கள் அழிந்துவிட்டிருக்கும். அவை மீண்டும் முளைப்பதில்லை.

முதலாளிகளைக் கேட்டால், காதடைப்பான் கொடுத்திருக்கிறோமே என்பார்கள். திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில், வியர்வையில் நனைந்த பஞ்சை எட்டு மணி நேரம் காதில் வைத்துக்கொள்ளச் சொல்வது எளிது, வைத்துக்கொள்வது கடினம். மேலும், பின்னால் வரும் லாரியின் எச்சரிக்கை ஒலியும் கேட்காமல் போனால் சுமைத் தொழிலாளி கால் இழப்பார். காதடைப்பான் கடைசி வழி. முதலில் மெஷினையும் கட்டடத்தையும் திருத்த வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

முடியாத காரியமா? ஜெனரேட்டரைப் பாருங்கள். முன்பு மின்வெட்டு என்றால் கடைவீதியே உறுமும். 1,000 கேவிஏ வரையிலான புதிய டீசல் ஜெனரேட்டர்கள் 2005 ஜனவரி 1 முதல் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு விதித்தது. தயாரிப்பாளர்கள் புலம்பினார்களோ இல்லையோ, ஒலியடக்கும் கூண்டோடுதான் இன்று ஜெனரேட்டர் விற்பனைக்கு வருகிறது. சத்தத்தைப் பிறப்பிடத்திலேயே அடக்கச் சொன்னால் தொழில் நின்றுபோகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பொருள் தேர்வில்தான் கவனம் வேண்டும். சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று நம்புகிறவர்கள் நிறைய. ஸ்பாஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவே. சத்தத்தை மறிப்பதற்குக் கனமான பலகையோ செங்கல்லோ வேண்டும். மெஷினின் அதிர்வு தரைக்கு இறங்காமலிருக்க ரப்பர் பாதம் வேண்டும். மலிவு பாலியூரித்தேன் ஸ்பாஞ்சில் இன்னோர் அபாயம், தீ. 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியா நகர கேளிக்கை விடுதியில், கூரையில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு ஸ்பாஞ்சு பற்றி எரிந்து 242 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நச்சுப் புகையால். எண்ணெயும் சாக்கும் அடுக்கிய கிடங்கில் அதைக் கொண்டுபோய் ஒட்டுவதைவிட இரைச்சலே மேல். பாறைக் கம்பளி எரியாது. துளைத் தகடு போர்த்தி வைத்தால் தூசும் கொட்டாது.

கேரளத்துக்கு வேறொரு வாய்ப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தென்னை நார் ஒலியை நன்றாக உறிஞ்சும், குறிப்பாக நடுத்தர, உச்ச அதிர்வெண்களில். தாழ்ந்த உறுமலில் கொஞ்சம் பலவீனம். தீக்கும் பூஞ்சைக்கும் எதிராகப் பதப்படுத்த வேண்டும். கயிறு ஆராய்ச்சிக்கென்றே தேசிய நிறுவனம் ஒன்று குடப்பனக்குன்னில் இருக்கிறது. பாப்பனங்கோட்டில் சிஎஸ்ஐஆர் ஆய்வகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, தீப்பரிசோதனை முடித்த நார்ப் பலகை ஒன்றைச் சிறு மில்லுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டுவரட்டும். கம்பி இறக்கும் இடத்தில் தடித்த ரப்பர் பாய் விரிக்க ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. ரப்பர் விளையும் மாநிலத்தில் அதை ஒரு கோரிக்கையாக எழுத வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

செலவு என்ற முதலாளிகளின் முறையீட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. மசாலா மில்லின் லாபம் கிலோவுக்குச் சில ரூபாய். ஆகவே சிறுதொழில் மானியங்களில் ஒலித்தடுப்பையும் சேர்க்க வேண்டும். அதைத் தந்த பிறகு கண்டிப்பும் வேண்டும். வணிக உரிமத்தைப் புதுப்பிக்க வருகிறவரிடம், மெஷின் அருகே எத்தனை டெசிபல் என்று மாநகராட்சி கேட்கட்டும். தொழிற்சாலை, கொதிகலன் துறை 90-ஐ விட்டு 85-க்கு இறங்கும்படி மாநில விதியைத் திருத்தட்டும். சுமைத் தொழிலாளர் நல வாரியம், ஆக்குளத்தில் உள்ள பேச்சு, செவித்திறன் நிறுவனத்தோடு சேர்ந்து, சாலைக் கம்போளத்தின் தொழிலாளிகளுக்கு ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை நடத்தட்டும். எத்தனை காதுகள் ஏற்கெனவே பழுதாகிவிட்டன என்ற கணக்கு அப்போதுதான் அரசின் மேசைக்கு வரும்.