வார்னிங் மறைந்தால் ஓட்டை அடைபடுமா? சி மொழியின் தீராத வில்லங்கம்

பழைய சி கோடு ஒன்றை விஷுவல் ஸ்டுடியோவில் கம்பைல் செய்தால் அடிக்கடி வந்து நிற்பது சி4996. 'ஸ்டர்காப்பி' பாதுகாப்பற்றது என்கிறது அந்த எச்சரிக்கை. அதன் வாயை அடைக்க ஒரு வரி போதும். டெட்லைன் நெருக்கத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். வார்னிங் போய்விடும், ஓட்டை அப்படியே இருக்கும்.

என்ன ஓட்டை? 'ஸ்டர்காப்பி' ஒரு சொல்லை நினைவகத்தில் வேறோர் இடத்துக்கு நகலெடுக்கும். போய்ச் சேரும் இடத்தில் எவ்வளவு இடம் இருக்குன்னு அதுக்குத் தெரியாது. முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட் வரும்வரை எழுதிக்கொண்டே போகும்.

10 பைட் இடத்தில் 'மதுரை' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். துணைக்குறிகளுக்கும் தனிக் கணக்கு. ஆக மதுரைக்கு 15, முடிவுக்கு 1, மொத்தம் 16. மிஞ்சிய 6 பைட் பக்கத்து நினைவகத்தின் தலையில் விழும். ஃபங்ஷன் திரும்பிப் போகவேண்டிய முகவரியும் அந்தப் பக்கம்தான் இருக்கும். அதுவரை எழுத முடிந்தவர் கையில் மொத்த புரோகிராமும் சிக்கிவிடலாம்.

1988 நவம்பரில் மோரிஸ் வோர்ம் பரவிய வழிகளில் ஒன்று இதே பாணிதான். அளவு பார்க்காத 'கெட்ஸ்' ஃபங்ஷன், 512 பைட் இடம். சி மொழியின் 2011 தரத்திலிருந்து 'கெட்ஸ்' நீக்கப்பட்டது. 'ஸ்டர்காப்பி' இன்னும் இருக்கிறது.

சரி, 'ஸ்டர்என்காப்பி' என்று மாற்றினால்? இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். எத்தனை பைட் வரை எழுதலாம் என்று இதற்குச் சொல்ல முடியும். ஆனால் அந்த அளவுக்குள் சொல் முடியாவிட்டால், கடைசியில் பூஜ்யம் வைக்காது. அடுத்து அதைப் படிக்கும் கோடு எங்கே நிற்பதென்று தெரியாமல் எல்லை தாண்டி ஓடும். ஜிசிசி 8 பதிப்பு, 2018-ல் இந்த மாதிரி தவறுகளுக்கென்றே தனி வார்னிங் கொண்டுவந்தது.

'எஸ்என்பிரிண்ட்எஃப்' எவ்வளவோ மேல். கொடுத்த அளவைத் தாண்டாது, பூஜ்யமும் வைக்கும். ஆனால் அதே 10 பைட்டில் 'மதுரை' என்பது 'மது' ஆகிவிடும்! டெமோவில் சிரித்துவிடலாம், பயணச்சீட்டில் அச்சானால்?

தப்பிக்க வழி இருக்கிறது. உண்மையில் எத்தனை பைட் தேவைப்பட்டது என்பதை அந்த ஃபங்ஷனே திருப்பித் தரும். இங்கே 15. அந்த எண் 10 அல்லது அதற்கு மேல் என்றால் சொல் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். வார்னிங் போனதோடு வேலை முடிஞ்சதுன்னு இதைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய அலட்சியம். பெரிய இடம் ஒதுக்குவதா, உள்ளீட்டை ஏற்க மறுப்பதா என்பதை கம்பைலர் முடிவு செய்யாது, எழுதுபவர்தான் செய்யவேண்டும்.

அடுத்த கோடு ரிவ்யூவில் வார்னிங்கை அணைக்கும் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டால், அதை வைத்தது யார், எதற்காக என்று கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.