திருநெல்வேலியில் ஆறு இல்லை

திருநெல்வேலியை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து. அந்த எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை ஆங்கிலச் சொல் கட்டலாம்? பரீட்சை முடிந்த மதியங்களிலும் கரண்ட் போன சாயங்காலங்களிலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடுகிற ஆட்டம் இது. ஒரு எழுத்து பெயரில் எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவைதான் எடுக்கலாம். விதி அவ்வளவுதான்.

"மாமா, ரிவர் வருமா?" என்றாள் தங்கை மகள்.

"வராதுட்டி. ஆர் ஒண்ணுதான இருக்கு."

ஆற்றங்கரை ஊரின் பெயருக்குள் ஆறு இல்லை. தாமிரபரணியை எடுத்துக்கொண்டால் அதில் ரெயின் வந்துவிடுகிறது. சென்னைக்காரர்களின் மெரினாகூட நம் ஆற்றுக்குள்தான் கிடக்கிறது. வாட்டர் மட்டும் வராது. அதற்கு வேண்டிய டபிள்யூவும் இல்லை, இ-யும் இல்லை.

திருநெல்வேலி நல்ல பெயர். இரண்டு எல், இரண்டு இ, இரண்டு ஐ, நடுவில் ஒரு வி. எழுத்துகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வராது; ஆங்கிலச் சொல் எப்படித் தொடங்கும் என்று பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் யூ, என் இரண்டையும் வைத்தால் அன்டில் வரும், அன்வெய்ல் வரும். ஆர், இ வைத்தால் ரிலிவ், ரிலென்ட். வி-யை முன்னுக்குக் கொண்டுவந்தால் வர்ச்யூ, அதாவது நற்குணம். வெள்ளைக்காரன் எழுதிவைத்த 'டின்னவெலி'யில் ஆரும் யூவும் கிடையாது, ஒய் உண்டு. அதனால் நற்குணம் போய், பதிலுக்கு என்வி என்கிற பொறாமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு நான் பொறுப்பில்லை.

பாளையங்கோட்டைதான் பாவம். 13 எழுத்து இருந்தும் அதில் நாலு ஏ. இ ஒன்றுகூட இல்லை. இ இல்லாமல் ஆங்கிலத்தில் குடித்தனம் நடத்துவது சிரமம். வேலையில்லாமல் இருந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி எண்ணித்தான் 1930களில் ஸ்கிராபிள் என்ற சொல்லாட்டத்தை உருவாக்கினார். அதன் 100 வில்லைகளில் 12 இ-க்குப் போய்விடும். நம் ஊர்ப் பெயர்களை வைத்து எண்ணியிருந்தால் ஏ-க்குத்தான் அள்ளிக் கொடுத்திருப்பார். ஆனாலும் பாளையங்கோட்டையில் மில்க் உண்டு, டாக் உண்டு, பைலட் உண்டு. சாக்பீஸின் சாக் மட்டும் கிடையாது. அதற்கு வேண்டிய சி-யும் ஹெச்சும் 'பாளம்கோட்டா' என்ற பழைய ஸ்பெல்லிங்கில் மாட்டிக்கொண்டன. கே இன்றைய ஸ்பெல்லிங்கில் இருக்கிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊருக்கு இந்தக் கதி.

இப்போது எழுத்துகளை அடித்தால் நொடியில் சொற்பட்டியலைக் கொட்டும் செயலிகள் இருக்கின்றன. பாதிச் சொற்கள் ஆங்கிலேயருக்கே தெரிந்திருக்காது. அதைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை. தானாக ஒரு லென்டிலைக் கண்டுபிடித்து, அது பருப்பு என்று தெரிந்துகொண்டவள் மறக்க மாட்டாள்.

ஆனால் இந்த ஆட்டத்துக்கு ஆங்கில ஞானம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2007-ல் மும்பையில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியின் இறுதிச் சுற்று வரை வந்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். இந்தப் பெயரை பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் நின்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவரை வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு மொழிப் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சொற்களை அர்த்தம் இல்லாமல், வெறும் எழுத்து வரிசைகளாக மண்டைக்குள் ஏற்றி வைத்திருந்தார். இங்கிலீஷில் வாயைத் திறக்கக் கூசுகிற பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் மட்டும் கூசாமல் உட்காருவதற்குக் காரணமும் இதுதான். உச்சரிப்பு வேண்டாம், இலக்கணம் வேண்டாம், கண் போதும்.

தமிழில் அது நடக்காது. திருநெல்வேலியைத் தமிழில் பிரித்தால் திரு, நெல், வேலி என்று அதே பெயர்தான் திரும்பி வரும். மிஞ்சிப்போனால் ஒரு வேல். பாளையங்கோட்டைக்குள் பாளையும் கோட்டையும் போக ஒரு கோடை இருக்கிறது. வெயிலைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆங்கில எழுத்துகள் தனித்தனியே கழன்று வரும். நம் எழுத்தில் மெய்யோடு உயிர் ஒட்டிக்கொண்டே பிறக்கிறது. கலைத்துப் போட இடம் குறைவு. ஆகவே நம் புலவர்கள் எழுத்துகளைக் கலைக்காமல், சிலவற்றை விலக்கினார்கள்.

அந்தக் கதை இங்கே பக்கத்தில்தான் நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இலக்கணம் படிக்கச் சிந்துபூந்துறைக்கு, வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் வந்தாராம். முதலிலும் முடிவிலும் 'கு' வர வேண்டும், நடுவில் 'ஊருடையான்' வர வேண்டும், பாடு பார்ப்போம் என்று தம்பிரான் சோதித்தார். அவர் பாடிவிட்டார். படிப்பு முடிந்து, என்ன குருதட்சிணை வேண்டும் என்று சிவப்பிரகாசர் கேட்டபோது, திருச்செந்தூரில் தம்மைப் பழித்துக்கொண்டிருந்த ஒரு புலவரை வென்று வரச் சொன்னார் தம்பிரான். அந்தப் போட்டியில் பிறந்ததுதான் திருச்செந்தில் நீரோட்டக யமக அந்தாதி. உதடு ஒட்டக் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ மூன்றும் போச்சு; உ, ஊ, ஒ, ஓ, ஔ என்ற உயிர்களும் அவை ஏறிய உயிர்மெய்களும் போச்சு. நைஜல் ரிச்சர்ட்ஸ் மாதிரி அர்த்தம் தெரியாமல் இதை ஆட முடியாது. மிச்சம் இருக்கிற எழுத்தில் பொருளும் நிற்க வேண்டும், பக்தியும் நிற்க வேண்டும்.

பாட வேண்டியதோ முருகனை. முருகன் என்று சொல்ல முடியாது. வேல் கூடாது, மயில் கூடாது, சேவல் கூடாது. கந்தன் தப்பிப்பான், செந்தில் தப்பிப்பான்.

தங்கை மகளிடம் இதைச் சொன்னதும் கண்ணாடி முன்னால் போய் நின்று, உதட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பாளையங்கோட்டை முதல் எழுத்திலேயே அவுட். தாமிரபரணி அவுட். திருநெல்வேலி இரண்டாம் எழுத்தில் அவுட். நெல்லை தேறிவிட்டது. அல்வா தேறவில்லை.