பிரிஸ்ஸோன் என்னும் பறவை நூலார்

பூபோனின் பெயரை அறியாத கற்றோர் இலர்; அவர் காலத்தவராகிய மாத்தூரேன் ஜாக் பிரிஸ்ஸோனை அறிந்தாரோ மிகச் சிலர். இது முறையன்றென்பது எம் துணிபு.

1723-ல் பிரான்சு தேசத்துப் புவாத்து நாட்டிற் பிறந்த இவர், ரெயோமூர் என்னும் அறிஞரின் காட்சிசாலையைப் பரிபாலித்து வந்தார். 1760-ல் ஆறு பாகங்கொண்ட பறவை நூலொன்றை இலத்தீனும் பிரெஞ்சுமாக வெளியிட்டார். தாம் நேரிற் கண்டாராய்ந்த பறவைகட்கு இரண்டு நட்சத்திரக் குறியிட்டு, பிறர் சொற்கொண்டு எழுதியவற்றினின்றும் பிரித்துக் காட்டினார். பூபோனின் நடையழகு இவர்க்கில்லை, மெய்யே. ஆயினும் கண்டதையுங் கேட்டதையுங் கலவாத இந்நேர்மையை யாம் அவ்வழகினும் மேலாக மதிக்கின்றோம். லின்னேயசும் தமது 1766-ஆம் ஆண்டுப் பதிப்பில் இவரைப் பன்முறை மேற்கோளாகக் கொண்டனர்.

1757-லேயே ரெயோமூர் இறக்க, அவரது பறவைத் தொகுதி பூபோனின் ஆளுகைக்குட்பட்ட அரசர் காட்சிசாலையைச் சேர்ந்தது. பறவைகளை இழந்த பிரிஸ்ஸோன் பௌதிகம் புகுந்தார். 1771-ல் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேயரின் மின்சார வரலாற்றை மொழிபெயர்த்தார். அந்நூற்கொள்கை இவர்க்கு உடன்பாடன்று. ஆதலின் தம் மறுப்புக் குறிப்புகளையும் உடன் சேர்த்தார். மாறுபட்டார் நூலையுந் தம்மவர்க்கு அளித்தல் எளிதோ? மொழிபெயர்ப்பைத் தாழ்ந்த தொழிலெனக் கருதும் மாணவ நண்பர்கள் இதனை நோக்குவாராக.

1806-ல் இவர் காலஞ்சென்றார். அதற்குச் சில மாதங்கட்கு முன் மூளை நோயுற்று, கற்ற பிரெஞ்சு முழுவதும் மறந்துபோக, பிள்ளைப் பருவத்துப் புவாத்து வழக்குச் சொற்கள் சிலவே இவர் நாவில் எஞ்சின என்பர்.