அம்மாவின் கைக்கு ஏற்ற குழாய்

அப்பா 1987-இல் இந்த அடுக்குமாடி வீட்டை வாங்கியபோது ஆசை ஆசையாகக் குளியலறையில் ஒரு பாத்டப் பதித்தார். எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி. அதில் யாரும் சாய்ந்து உட்கார்ந்து குளித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த 2019 கோடையில், லாரித் தண்ணீர் வந்ததும் முதலில் நிரப்பியது அந்தத் தொட்டியைத்தான். வாளி வாளியாக எடுத்துக் குடும்பமே பிழைத்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு ஏழு வருடம் ஆனது அதனால்தான்.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. ஷவர் இருப்பது தொட்டிக்கு மேலே. ஒன்றரை அடி உயர விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தால்தான் குளியல். தை மாதம் ஒரு காலை, கால் வழுக்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். குழாய் சுவரிலிருந்து அரை அங்குலம் வெளியே வந்துவிட்டது. அவர் விழவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

குளியலறையையே மாற்றிவிடுவது என்று கடைக்குப் போனேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஷவரைக் காட்டினார்கள். மழை மாதிரி கொட்டும் என்றார்கள். எங்களுக்குப் பல வருடமாக வேலை செய்யும் பிளம்பர் மொட்டை மாடிக்குப் போய் மேல்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "வேணாம்க்கா, பிரஷர் பத்தாது" என்றார். அவர் சொன்ன கணக்கு எளிது. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். நாங்கள் இருப்பது கடைசி மாடி. எங்கள் ஷவருக்கும் மேல்தொட்டிக்கும் மூன்று மீட்டர்தான் இடைவெளி. பெரிய ஷவர் போட்டால் நடுவில் நாலு துளி சொட்டும், அல்லது தனியாக பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்கிற கடைகள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

ஷவரில் தண்ணீர் குறைந்தால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். தலையை மட்டும் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் கோளாறு தலையில்தான். போர் தண்ணீரின் உப்பு துளைகளை அடைத்திருக்கும், ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்தால் விட்டுவிடும். தலையைக் கழற்றியும் வேகமாக வரவில்லை என்றால் கோளாறு சுவருக்குள்ளே. எங்கள் வீட்டில் சுவரை உடைத்து எடுத்த ஜி.ஐ. பைப்பில் ஒரு துண்டை வெட்டி பிளம்பர் என் கையில் கொடுத்தார். வெளியே அரை அங்குல பைப். உள்ளே கறையான் புற்று மாதிரி துரு ஏறி, ஒரு பென்சில்கூட நுழையாது. இதற்கு மேல் எவ்வளவு பளபளப்பான குழாயை மாட்டி என்ன பயன்?

பைப் முழுக்க சிபிவிசிக்கு மாற்றினோம். கீசரிலிருந்து வரும் வெந்நீருக்குச் சாதாரண பிவிசி தாங்காது, இளகிவிடும். பூசுவதற்கு முன்னால் பைப்பில் அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டு, கசிவு இல்லை என்று உறுதி செய்தோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சுவரில் அளவு டேப்பை வைத்துப் படமும் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு ஒரு ஆணி அடிக்கும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டாமா?

குழாயைத் தேர்ந்தெடுக்க அம்மாவையே கடைக்கு அழைத்துப் போனேன். விரல் மூட்டுகள் வீங்கிய கை அது. பழைய திருகுக் குழாயைச் சோப்புக் கையோடு திருக முடியாமல், பல நாள் சொட்டச் சொட்ட விட்டுவிட்டு வருவார்; நான் அலட்சியம் என்று நினைத்துக் கடிந்திருக்கிறேன். கடையில் நீளக் கைப்பிடி வைத்த கால் சுற்றுக் குழாயை மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தார். திறந்தது. மறுபடி தள்ளினார், மூடியது. "இது போதும்" என்றார். விலையை நான் பார்க்கவில்லை. இந்த வகைக் குழாய்க்குள் ரப்பர் வாஷருக்குப் பதில் பீங்கான் தகடுகள் இருக்கும். மணல் பட்டால் கீறிவிடும் என்பதால் லைனில் ஒரு வடிகட்டியும் போட்டோம்.

கைப்பிடிக் கம்பியில் நான் சிக்கனம் பார்க்கவில்லை. தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் உயரத்தில், டைல்ஸைத் தாண்டி செங்கல் வரை துளை போட்டு இறுக்கியது. பிளம்பர் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டினார். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் கைப்பிடிகளை நம்ப வேண்டாம். கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். உள்ளே ஒருவர் கதவோரம் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

குளியல் தொட்டியை நான்கு பேர் மூன்று மாடி சுமந்து இறக்கினார்கள். அம்மா பால்கனியில் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பழைய பித்தளைக் குழாய்களில் ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை. வாஷர் மாற்றி மாடிச் செடிகளுக்கு வைத்திருக்கிறேன்.

முதல் நாள் குளிக்கப் போனபோது தாழ்ப்பாள் போடாதே என்று சொல்லிவிட்டு வெளியே நின்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து கை ஷவரைத் திறக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. சோப்பு போடும்போது மூடுகிறார், கை தயங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல்: "ஏண்டி, அந்தச் சொம்பை எங்க வெச்சே? கடைசியா தலைக்கு நாலு சொம்பு ஊத்திக்கலேன்னா குளிச்ச மாதிரியே இல்ல."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழ்க்குழாயில் வாளி பாதி நிறைந்திருந்தது.