பாதி விலை விமானம்

"விமானத்துக்கு வயது கிடையாது, பராமரிப்பு ஒன்றுதான் உண்டு" என்னும் வாசகம், அமெரிக்காவில் பழைய தனியார் ஜெட் விமானங்களை விற்றுக்கொடுக்கும் தரகர்களின் வாயில் பல ஆண்டுகளாகப் புழங்கிப் புழங்கி, இன்று வேதவாக்கின் அந்தஸ்தையே அடைந்துவிட்டது. புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 4 கோடி டாலர் பெற்ற கல்ஃப்ஸ்ட்ரீம் 5 இப்போது அதில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும்போது, சமுத்திரங்களைத் தாண்டும் அதே ஆற்றலை ஏன் முழு விலை கொடுத்து வாங்கவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். செல்வமுள்ளவர்களும் இதில் ஏமாறுகிறார்கள் என்பதே எனக்கு ஆற்றாமை.

6,500 கடல்மைல் பறக்கும் என்கிறார்கள். எட்டுப் பிரயாணிகளோடு, மாக் 0.80 வேகத்தில், எதிர்க்காற்று இல்லாதபோது போடப்பட்ட கணக்கு அது.

குறைந்த மணிநேரமே பறந்தது என்கிறார்கள். 12, 24, 48, 96 மாதங்கள் என்று நாட்காட்டியைப் பார்த்து வரும் பரிசோதனைகள், விமானம் பறந்ததா, கொட்டகையில் கிடந்ததா என்று விசாரிப்பதில்லை. கிடந்த விமானத்தை அரிப்பும் விட்டுவைப்பதில்லை.

ஆனால் இவர்கள் அடியோடு மறைக்கும் விஷயம் வேறு. விலை இறங்குவது விமானத்துக்கு மட்டுமே. அதை உயிரோடு வைத்திருக்கும் செலவு, அது பிறந்த நாளின் தரத்திலேயே நின்றுவிடுகிறது. எரிபொருள் விற்பவன் விமானத்தின் வயதைக் கேட்பதில்லை. இரண்டு விமானிகளுடைய சம்பளமும் ஆண்டுதோறும் அவர்களுக்கு அளிக்கவேண்டிய சிமுலேட்டர் பயிற்சியும் பழைய விமானம் என்பதற்காகக் குறைவதில்லை. கல்ஃப்ஸ்ட்ரீம் 5-இலுள்ள இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் பிஆர்710 எஞ்சின்களைப் பிரித்து முழுமையாகப் புதுப்பிக்க, ஒவ்வொன்றுக்கும் பல பத்து லட்சம் டாலர் ஆகும். பறந்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை கட்டிவரும் எஞ்சின் திட்டத்தில் முந்தைய உரிமையாளர் சேராதிருந்தாலோ, நடுவில் விட்டிருந்தாலோ, அந்தச் சுமை முழுவதும் வாங்கியவன் தலையில் விழுந்து, விமானத்தின் விலையையே எட்டிப்பிடிக்கிறது. போதாக்குறைக்கு, 1990-களின் படக்குழாய்த் திரைகளோடு வந்த அந்த விமானி அறையில், 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்க வான்வெளியின் பெரும்பகுதியில் கட்டாயமான, விமானத்தின் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியையும், வடஅட்லாண்டிக்கின் முக்கியமான உயரங்களில் பறக்கத் தேவையான தரவு இணைப்பையும் யாராவது ஏற்கெனவே பொருத்தியிருக்கவேண்டும். இல்லையேல் நீண்ட தூரம் போவதற்கென்றே வாங்கிய விமானத்துக்கு, அந்த நீண்ட தூரப் பாதையின் முக்கியமான உயரங்களிலேயே இடமில்லாமற் போகும்.

பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே பழைய ஜெட் வாங்கவில்லையா என்று கேட்பார்கள். வாங்கினார், 1986-இல். அவரே பின்னர் 1995-இல், ஒரு விமானத்தைப் பலர் பங்கிட்டு வைத்துக்கொள்ளும் நெட்ஜெட்ஸில் வாடிக்கையாளராகச் சேர்ந்து, 1998-இல் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டார் என்னும் மிச்சக் கதையை இவர்கள் சொல்வதே இல்லை.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தரகர் சொல்லும் விலையை ஒருபுறம் வைத்துவிட்டு, எஞ்சின் திட்டத்தின் ரசீதுகளையும் அடுத்த 96-மாதப் பரிசோதனையின் தேதியையும் முதலில் கேளுங்கள்; அவற்றைக் காட்டத் தயங்கினால், எவ்வளவு மலிவானாலும் அந்த விமானம் வேண்டாம்.