போக ஒரு வீடு

கசந்துபோன மணவாழ்வில் பெண்கள் ஏன் நீடிக்கிறார்கள் என்ற கேள்விக்கு நம் சமூகம் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ‘பொறுமை’. பெண்ணின் இயல்பே அது என்றும், பண்பாட்டின் அடித்தளமே அது என்றும் மேடைதோறும் கேட்டுச் சலித்துவிட்டோம். இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை.

கோவலன் மாதவியோடு வாழ்ந்த காலமெல்லாம் கண்ணகி காத்திருந்ததைக் கற்பின் இலக்கணம் என்கிறார்கள். அதே புகார் நகரில்தான் அவளுடைய தந்தை, பெருவணிகன் மாநாய்கன் இருந்தான். அவ்வீட்டுக்கு அவள் ஏன் திரும்பவில்லை என்று கேட்பாரைக் காணோம். திரும்பி வருபவளுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் ‘வாழாவெட்டி’. ஆண்களும் கசந்த மணங்களில் உழல்வதுண்டு; மறுக்கவில்லை. ஆனால் மனைவியைப் பிரிந்த ஆணுக்கு இத்தகைய வசைச்சொல் எதையும் நாம் ஆக்கி வைக்கவில்லை.

சட்டமும் நெடுங்காலம் இச்சொல்லின் வழியிலேயே நடந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. முற்போக்கான சட்டம்தான். ஆயினும் அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களை அது விலக்கி வைத்தது. எவளுக்கு அப்பங்கு மிகத் தேவையோ, அவளுக்கே இல்லை! அவ்விலக்கு நீங்க 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் வரவேண்டியிருந்தது.

சட்டம் தந்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பறித்துக்கொள்கிறது. உடன்பிறந்தானுக்குப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுபவள் ‘நல்ல தங்கை’. மறுப்பவளுக்குப் பிறந்தவீட்டு வாசல் அடைபடுகிறது. கையெழுத்திட்டவளுக்கோ தீபாவளிச் சீர் வரும். குழந்தையோடு வந்து நின்றால் தங்க ஓர் அறை கிடைக்காது.

சம்பாதிக்கும் பெண்களும் சகித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்பர். தனித்து வாழும் பெண்ணொருத்திக்காக நம் நகரங்களில் வாடகை வீடு தேடிப் பார்த்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். வாடகையைப் பற்றிப் பேசுமுன் வீட்டுக்காரர் விசாரிப்பது அவள் கணவனைப் பற்றித்தான்.

மகளுக்குப் பவுன் பவுனாகச் சேர்க்கும் பெற்றோரிடம் நாம் வேண்டுவது இது: அவளுடைய பங்கை அவள் பெயரிலேயே எழுதி வையுங்கள். எந்த நேரத்தில் வந்தாலும் கதவு திறக்கும் என்பதைத் திருமணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லுங்கள். அதன் பின்னரும் அவள் அங்கேயே இருப்பாளாயின், அதைப் பொறுமை என்றோ அன்பு என்றோ புகழ்வோம். அதுவரை அதன் பெயர் கதியின்மை.