நீர் யார், ஐயா?

தாயம், பல்லாங்குழி, சீட்டுக்கட்டு எல்லாம் ஆடிச் சலித்தவர்களுக்கு இந்த வாரம் வேறொரு விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். 1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உண்டாக்கியது. பெயர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டியது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் நுழைவார்கள். "எதிரே இருண்ட குகை. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பார். ஓடுவதா, உள்ளே பாய்வதா, உறுமுகிற பிராணியோடு சமாதானம் பேசுவதா என்பது உங்கள் இஷ்டம். காரியம் பலித்ததா என்பதை இருபது முகமுள்ள பகடை ஒன்று சொல்லிவிடும்.

ஆட்டம் தொடங்குமுன் உங்கள் பாத்திரத்தை நீங்களே படைத்துக்கொள்ள வேண்டும். அதில்தான் விளையாட்டின் ருசியெல்லாம் இருக்கிறது.

பலம், லாகவம், தேகக்கட்டு, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஆதியில் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு குணத்துக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்ட வேண்டும். குறைந்தது 3, உச்சம் 18. உச்சமான 18 விழுவது சராசரியாக 216 தடவைக்கு ஒரு தடவை. 10 அல்லது 11 விழுவதோ நாலு தடவைக்கு ஒரு தடவை. பிரம்மதேவனும் நம்மையெல்லாம் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் படைத்திருக்கிறான் போலும்!

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. ஆறு குணத்துக்கும் 18 வேண்டும்! அப்படிப்பட்ட மகாவீரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் குகையிலேயே கதை முடிந்துவிடும். எல்லோரும் எழுந்து காப்பி சாப்பிடப் போக வேண்டியதுதான்.

மகாபாரதத்தைப் பாருங்கள். தருமபுத்திரர் தரும தேவதையின் புதல்வர். ஆனால் சூதாட அழைத்தால் மறுக்கத் தெரியாது. கர்ணன் வில்லில் அர்ஜுனனுக்கு இணை. ஆனால் வேண்டிய வேளையில் அஸ்திர மந்திரம் மறந்துபோகும் என்று பரசுராமர் சாபம். போதாததற்கு, அர்ஜுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்வதில்லை என்று குந்திக்கு வாக்கு வேறு. இந்தக் குறையையும் வாக்கையும் எடுத்துவிட்டால் கர்ணன் வெறும் வில்லாளி. நாம் அவனுக்காகக் கண்ணீர் விடுவோமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து வாசகர்களுக்கு இது புதிதல்ல. காஞ்சிபுரத்துச் சீமையில் விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்தில் பாத்திரம் பிறப்பதைப் பார்த்திருப்பார்கள். முகத்தில் வர்ணம், தலையில் கிரீடம், தோளில் மரத்தாலான அணிகள். அந்த மரக் கட்டைகளால்தான் கூத்துக்கே அந்தப் பெயர். இருவர் திரை பிடிக்க, வேஷக்காரர் பின்னால் நின்று பாடுவார். கட்டியங்காரன், "நீர் யார், ஐயா?" என்று விசாரிப்பான். ராஜா தன் குலமும் பெருமையும் சொன்ன பிறகுதான் கதை நகரும்.

காஞ்சிபுரத்துக்கருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பரம்பரையாக ஆண்களே ஆடிவந்த கூத்தை அங்கே பெண் குழந்தைகளும் கற்று, வேஷம் கட்டி ஆடினார்கள். திரைக்குப் பின்னால் யார் நிற்கலாம் என்பதற்கு அவர்கள் புதுப் பதில் சொன்னார்கள்.

நாமும் ஒரு பாத்திரம் படைப்போமே! பெயர் வேலாயி. ஏரி மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியின் மகள். ஏரிக்குள் ஒரு பூதம் குடியிருக்கிறது. பகடையை உருட்டினோம்: பலம் 7, லாகவம் 13, தேகக்கட்டு 12, புத்தி 11, விவேகம் 16, வசீகரம் 9. இந்நாளைய விதிப்படி, பலத்தால் செய்யும் காரியத்துக்கு விழுந்த எண்ணில் 2 குறையும்; விவேகத்தால் செய்வதற்கு 3 கூடும். ஆகவே மடைப் பலகையை இழுத்துத் தூக்க அவளால் ஆகாது. தண்ணீரின் சத்தத்தைக் கேட்டே பூதம் விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று சொல்லிவிடுவாள். இனி ஒரு பயமும் ஒரு வாக்கும் கொடுங்கள். இருட்டென்றால் பயம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் சேரும்வரை வீடு திரும்புவதில்லை என்று வாக்கு. பாருங்கள், நள்ளிரவில் மடை அடைத்துக்கொண்டால் போதும், கதை தானாக ஓடும்!

ஒரு சிறு எச்சரிக்கை. கூச்ச சுபாவமுள்ளவர் தலையில் மிஞ்சிய வேஷத்தைக் கட்டாதீர்கள். "உனக்கு யாராக இருக்க ஆசை?" என்று அவரை முதலில் கேளுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று 2024-ம் ஆண்டு திறந்த விடுதியில் 18,720 பேர் தங்கலாம். இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். வாசலில் யாரென்று கேட்டால் கழுத்தில் தொங்கும் அட்டை பதில் சொல்லிவிடுகிறது: பெயர், எண், பிரிவு. சம்பளத்துக்கு அது போதும். ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பியபின், பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கு அது போதுமா? தன் ஊர் ஏரி, பாட்டி சொன்ன பூதம், தான் பயப்படுவது, தான் விட்டுக்கொடுக்காதது எல்லாவற்றையும் நேராகச் சொல்லக் கூச்சமாயிருக்கும். வேலாயியின் வாயால் சொல்வது சுலபம். நாலு வாரம் சேர்ந்து ஆடினால், அறையிலிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்களாக இருக்க மாட்டார்கள்.

செலவும் அதிகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், தாயக்கட்டைக்குப் பக்கத்தில் கடையில் கிடைக்கும் மூன்று பகடைகள். அடுத்த வார விடுமுறையில் ஒரு பாத்திரம் படைத்துப் பாருங்கள். குறை ஒன்றாவது வைக்க மறந்துவிடாதீர்கள்!